கதாநாயகிக்கு வயது 58 என்றார்கள்

ஐம்பதைத் தாண்டிய பெண்ணிடம் வந்து "படம் முழுக்க நீங்கதாம்மா, உங்களைச் சுத்தித்தான் கதை" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்துவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. கோடம்பாக்கத்தில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். கேட்டால் சொல்வார்கள், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதே புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாதே.

நான் பாரிமுனையில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கல்லூரி நாளிலிருந்து சபா நாடகம். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஆபீஸ் முடிந்து ஓடிப்போய் மேக்கப் போட்டுக்கொண்டு நடித்ததெல்லாம் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கியதும் சீரியலுக்கு வந்தேன். நாத்தனார், பெரியம்மா, எதிர்வீட்டு மாமி. ஒரு நாளைக்கு ரூ.4,000, மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை இருக்கும். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். அசோக் நகரில் சொந்த ஃபிளாட் என்பதால் வாடகைக் கவலை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சினிமா வாய்ப்பு வாட்ஸப்பில் வரும். ஏஜென்ட் அனுப்பும் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "ஹீரோவுக்கு அம்மா, வயசு 38 டு 45, ஹோம்லி லுக், அர்ஜென்ட்." அந்த ஹீரோவுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். பத்து வயதில் பிள்ளை பெற்றவள்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மேக்கப் ரூமில் நாங்கள் சிரித்துக்கொள்வோம். இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. 1975-இல் வந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் வயதுவந்த மகளுக்குத் தாயாக நடித்தபோது ஸ்ரீவித்யாவுக்கு 22 வயது. அதில் அவரைக் காதலிக்கும் இளைஞர் கமல், விட்டுப்போன கணவர் ரஜினி. அதே ஸ்ரீவித்யா 1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலுக்கு அம்மா, 1991-இல் 'தளபதி'யில் ரஜினிக்கு அம்மா. ரஜினியைவிட வயதில் இளையவர் அவர். அந்த இருவரும் இன்றும் கதாநாயகர்கள். ஐம்பது வயதுக்காரிக்குரிய வேடத்தை நாற்பது வயதுக்காரிக்குக் கொடுத்துவிட்டால், உண்மையிலேயே ஐம்பதில் இருப்பவள் எங்கே போவாள்? பாட்டி வேடத்துக்குப் போவாள். அதற்கும் முகத்தில் சுருக்கம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினவர்கள் உண்டு.

அந்த நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. சாலிகிராமத்தில் ஒரு மாடி ஆபீஸ். டைரக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். இரண்டு குறும்படம் எடுத்திருந்தார், இரண்டும் நன்றாகவே இருந்தன. தரையில் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் கதை சொன்னார். 58 வயது நர்ஸ் ஒருத்தி, அரசு ஆஸ்பத்திரியில் விருப்ப ஓய்வு பெற்ற கையோடு, தன் பெயரில் இருந்த வீட்டை யாரோ போலிப் பத்திரம் போட்டு விற்றிருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ், கோர்ட், ரவுடி வீடு என்று தனியாக அலைந்து மீட்கிறாள். மகன் துபாயில், போனில் மட்டும் வருவான். "இந்தப் படத்துல ஹீரோவும் நீங்கதாம்மா, ஹீரோயினும் நீங்கதாம்மா" என்றார் அந்த டைரக்டர் தம்பி. பொய் சொல்லவில்லை. அன்று அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வடபழனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்குக் கை நடுங்கியது. முப்பது வருஷமாக மேடையின் ஓரத்தில் நின்று காபி கொண்டுவந்து கொடுத்தவளுக்கு அது என்ன உணர்வு என்று சொல்லத் தெரியவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. படம் பூஜை போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். அதனால் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தனியாகவே சுமக்கவேண்டி வந்தது.

அவர்கள் கேட்டது மூன்று விஷயம். தலைச்சாயத்தை உடனே நிறுத்த வேண்டும், இயற்கையான நரை வேண்டும். ஸ்கூட்டர் கற்க வேண்டும், டூப் கிடையாது. சீரியலை விட வேண்டும், "தினமும் வீட்டுக்குள்ள பார்க்கிற முகத்துக்கு யாரும் டிக்கெட் எடுக்க மாட்டாங்கம்மா." சம்பளம் ரூ.2,50,000 என்று வாயால் பேசினார்கள். ரூ.25,000 அட்வான்ஸ். அக்ரிமென்ட் எங்கே என்று கேட்டதற்கு புரொடக்ஷன் மேனேஜர் சிரித்தார். "மேடம், இண்டஸ்ட்ரியே வாய்வார்த்தையிலதான் ஓடுது."

முடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைவிட அதில்தான் அதிகம் அடிபட்டேன். சாயம் நிறுத்தினால் மறுநாளே வெள்ளை வராது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நெற்றியோரம் வெள்ளை, அதற்குக் கீழே செம்பட்டை, நுனியில் கறுப்பு என்று பல மாதம் ஒரு ரெண்டுங்கெட்டான் தலை. அந்தத் தலையோடு எந்த வேலைக்கும் போக முடியாது. அம்மா வேடத்துக்குக் கறுப்புத் தலை வேண்டும், பாட்டி வேடத்துக்கு முழு வெள்ளை வேண்டும். நடுவில் இருக்கிற தலைக்கு ஊரில் வேலையே இல்லை. ஒரு விளம்பர ஆடிஷனில் "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று அக்கறையாகக் கேட்டார்கள். இதே கறுப்பும் வெள்ளையும் கலந்த தலையோடு 2011-இல் 'மங்காத்தா'வில் அஜித் வந்தபோது தியேட்டரே விசிலடித்தது. அவருக்கு அப்போது நாற்பது. நானும்தான் ரசித்தேன்.

ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். ஷூட்டிங் தேதி எழுத்தில் வரும்வரை முடியில் கை வைக்காதீர்கள். தோற்றம் பார்க்கிற லுக் டெஸ்டுக்கு விக் வைக்கச் சொல்லுங்கள். நரை வைத்த நல்ல விக் வாடகைக்கே கிடைக்கிறது, செலவு கம்பெனியுடையது. "இயற்கையாத்தான் வேணும்" என்று அடம் பிடித்தால், வளரும் மாதங்களுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமாக இருக்கும். ஆனால் ஹீரோ தாடி வளர்க்கும் மாதங்களுக்கு அவர் வேறு படம் ஒப்புக்கொள்ள முடியாது என்பதை எல்லா கம்பெனியும் சம்பளத்தில் கணக்குப் பார்க்கிறது. நமக்கு மட்டும் அது சேவையா?

சீரியலையும் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். என் பெரியம்மா பாத்திரத்தை அவர்கள் காசி யாத்திரைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்பிவரக் கேட்டபோது வேறொருவர் பெரியம்மாவாகக் காசியிலிருந்து திரும்பிவிட்டிருந்தார். மாதம் ரூ.40,000 வருமானம் நின்றது. படம் தொடங்கவே அரை வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டதால் அந்தக் கணக்கு மட்டும் ரூ.2,80,000-க்குக் குறையாது. ஸ்கூட்டர் வகுப்பு, லைசென்ஸ், கே.கே.நகர் உள்தெருவில் விழுந்து முட்டிக்குப் பிசியோதெரபி எல்லாம் சேர்த்து இன்னொரு ரூ.20,000. ஸ்கூட்டர் இப்போது நன்றாக ஓட்டுகிறேன், அது வேறு.

ஒருவழியாக ராயபுரத்தில் முதல் ஷெட்யூல், அதாவது முதல் கட்டப் படப்பிடிப்பு, தொடங்கியது. அந்த நாட்களைக் குறைசொல்ல மாட்டேன். கேமரா என் முகத்துக்காகக் காத்திருந்தது. வெளிச்சம் எனக்காக மாற்றி வைக்கப்பட்டது. ஒரு காட்சியில் பத்திர நகலைப் படித்துவிட்டு நான் பேசாமல் நிற்க வேண்டும். தம்பி கட் சொல்லாமல் ஓடவிட்டார். கடைசியில் லைட்மேன் ஒருவர் வந்து "எங்க அம்மாவும் இப்படித்தான் நிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஷெட்யூல் முடிவில் இன்னொரு ரூ.30,000 வந்தது. அத்தோடு நின்றது படம்.

என்ன ஆயிற்று என்று துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. எடுத்தவரைக்கும் எடிட் செய்து வியாபாரத்துக்குக் காட்டியிருக்கிறார்கள். பார்த்தவர் ஒருவர், "நல்லாருக்கு, ஆனா போஸ்டர்ல யார் மூஞ்சி?" என்று கேட்டாராம். சின்னப் படத்துக்குத் தயாரிப்பாளர் சொந்தப் பணத்தில் பாதிவரை வருவார். மீதியை ஃபைனான்சியரிடம் வட்டிக்கு வாங்க வேண்டும். ஃபைனான்சியர் கதை கேட்பதில்லை, சாட்டிலைட் (டிவி உரிமை) எவ்வளவு, ஓடிடி எவ்வளவு, இந்தி டப்பிங் உரிமை எவ்வளவு என்று கேட்பார். இந்தி டப்பிங்குக்கு விலைபோவது பெரும்பாலும் அடிதடி. ஓடிடிக்காரர்களோ கொரோனா காலத்தில் வாங்கிய மாதிரி இப்போது வாங்குவதில்லை, தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். தியேட்டரிலோ முதல் மூன்று நாள் கூட்டம் வர ஒரு முகம் வேண்டும். இந்தக் கணக்கில் என்னைப் போன்ற 57 வயதுப் பெண்ணின் முகத்துக்கு எந்த இடத்திலும் விலை எழுதப்படவில்லை. யாரும் என்னை வெறுக்கவில்லை, யாரும் என் நடிப்பைக் குறை சொல்லவில்லை. அதனாலேயே யாரோடும் சண்டை போட முடியவில்லை.

தம்பி போன் செய்தார். "கதையில சின்ன கரெக்ஷன்மா." துபாயில் போனில் மட்டும் இருந்த மகன் ஊருக்கு வந்துவிட்டான். ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுக்கு ஒரு காதல், இரண்டு பாட்டு, நாலு சண்டை. வீட்டை மீட்கப் போகிற அம்மாவை ரவுடிகள் இடைவேளைக்குள் வெட்டிவிடுகிறார்கள். அவள் கோமாவில் கிடக்க, மகன் பழிவாங்குகிறான். ஸ்டான்லி ஆஸ்பத்திரி மாதிரி போட்ட செட்டில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு என்னைப் படுக்கவைத்தார்கள். இயற்கையாக வளர்த்த நரையைத் தலையில் சுற்றிய பேண்டேஜ் முழுவதுமாக மறைத்துவிட்டது. சம்பளத்தை ரூ.1,00,000 ஆக்கிக்கொள்ளலாம் என்றார் மேனேஜர், வேலை குறைந்துவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவமானமா, ஏமாற்றமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த வயதில் ஆசைப்பட்டதே அசிங்கமோ என்று இரண்டு மூன்று வாரம் மனது கிடந்து அடித்துக்கொண்டது. நாடகக்காலத்துத் தோழி ஒருத்தி வந்து, "கே.பி. சுந்தராம்பாள் என்ன இருபது வயசுலயா ஒளவையாரா வந்தாங்க?" என்று திட்டினாள். உண்மைதான். 1953-இல் ஜெமினி வாசன் எடுத்த 'ஒளவையார்' ஒரு கிழவியைச் சுற்றிய படம், சுந்தராம்பாளுக்கு அப்போது ஏறக்குறைய நாற்பத்தைந்து, படம் பெரிய வெற்றி. இப்போது மேம்பாலம் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஜெமினி ஸ்டூடியோவின் முதலாளியே முடிவெடுத்து, முதலாளியே பணம் போட்டார் என்பதைக் கவனியுங்கள். 2015-இல் '36 வயதினிலே' வந்தது ஜோதிகாவின் கணவர் சூர்யாவின் சொந்தத் தயாரிப்பில், அதுவும் மலையாளத்தில் மஞ்சு வாரியர் நடித்து ஓடி நிரூபித்த கதை. 2015 சென்னை வெள்ளத்தில் சிக்கிய முதிய தம்பதியை வைத்து 2019-இல் 'ஹவுஸ் ஓனர்' எடுத்தவர் லட்சுமி ராமகிருஷ்ணன், அவரே அம்மா வேடங்களில் நடித்துச் சலித்தவர் என்று நினைத்துக்கொள்வேன், என் ஊகம்தான். பாதி வழியில் கதையை மாற்றச் சொல்ல வெளியாள் இல்லாத இடத்தில்தான் வயதான பெண் கடைசி ரீல்வரை நிற்கிறாள் என்பது என் கணக்கு. நின்றாலும் எல்லா நேரமும் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தின் தாய்க்குச் சிறந்த நடிகை என்றே தேசிய விருது வந்தது, சரண்யா பொன்வண்ணனுக்கு. 2025-இல் 'உள்ளொழுக்கு' என்ற மலையாளப் படத்துக்காக ஊர்வசிக்குக் கொடுத்ததோ சிறந்த துணை நடிகை. எந்த அளவுகோலில் இது துணை வேடம் என்று அவரே வெளிப்படையாகக் கேட்டார்.

அதனால் வாய்ப்பு வந்தால் கதை கேட்ட கையோடு பணத்தைப் பற்றிக் கேளுங்கள். "முழுப் படத்துக்கும் பணம் கையில இருக்கா, ஷெட்யூல் ஷெட்யூலா வாங்குறீங்களா? வியாபாரம் பேசியாச்சா?" மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகப் பதில் வரும். ஃபைனான்ஸ் வரப்போகிறது என்று சொன்னால், கதை மாறப்போகிறது என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் வேண்டும், அதில் உங்கள் பாத்திரத்தின் பெயர், அது முதன்மைப் பாத்திரம் என்கிற வரி, டைட்டிலில் பெயர் வரும் இடம், மொத்த நாள், ஒவ்வொரு ஷெட்யூலிலும் எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். தர மாட்டோம் என்றால் குறைந்தபட்சம் பேசியதை அன்று இரவே வாட்ஸப்பில் நீங்களே எழுதி அனுப்புங்கள்: "இன்னிக்குப் பேசினபடி மெயின் கேரக்டர், சம்பளம் இவ்வளவு, சரிதானே?" அவர்கள் ஒரு கட்டைவிரல் போட்டாலும் அது ஆதாரம். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அப்படி அனுப்பிய ஒரு செய்திதான், பழைய ஆபீஸ் பழக்கம்.

நம் தொழிலில் பாக்கி வசூலிக்க எல்லோரும் வைத்திருக்கும் ஆயுதம் டப்பிங். பேலன்ஸ் வந்தால்தான் குரல் கொடுப்பேன் என்று நிற்பார்கள். கோமாவில் கிடப்பவளுக்கு ஏது டப்பிங்? முதல் பாதிக்கு வேறு குரல் போட்டுக்கொண்டார்கள். ஆகவே டப்பிங்வரை பாக்கி வைக்காதீர்கள், ஷெட்யூலின் கடைசி நாள் பேக்கப்புக்கு முன் அந்த ஷெட்யூலின் பணம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

வரி விஷயம் ஒன்று. எனக்குக் கொடுத்த ரூ.55,000-இல் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்று ரூ.5,500 பிடித்துக்கொண்டார்கள். வருமான வரித் தளத்தில் நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பார்த்தால் என் பான் எண்ணில் பாதிதான் ஏறியிருந்தது. மீதியைப் பிடித்தவர்கள் கட்டவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைப் பாருங்கள், டிடிஎஸ் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கலாம், கட்டியிருந்தால்தான்.

பாக்கிக்கு ஹைகோர்ட் பக்கம் தம்புச் செட்டித் தெருவில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பினேன். கட்டணம் ரூ.5,000. பேசிய பணம் வரவேண்டிய தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம் என்றார். அதனால் பயந்து அவசரப்பட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு "முழுசும் பெற்றுக்கொண்டேன்" என்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகைக்குக் கீழே "பகுதித் தொகை" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நோட்டீஸ் போன பிறகு ரூ.35,000 வந்தது, அதையும் அப்படியே எழுதித்தான் வாங்கினேன். மீதிக்கு அலைவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. படம் வெளிவரவில்லை. மகன் வேடத்துப் பையனுக்கும் பாக்கி இருக்கிறதாம், போன வாரம் அவனே போன் செய்து வக்கீல் நம்பர் கேட்டான்.

இப்போது தலை முழுக்க வெள்ளை. அப்படியே விட்டுவிட்டேன். பாட்டி வேடங்கள் வருகின்றன. நான் நீட்டும் ஒரு பக்க ஒப்பந்தத் தாளில் வக்கீல் எழுதிக்கொடுத்த ஒரு வரி இருக்கிறது: கதை மாற்றத்தால் என் காட்சிகள் பாதிக்குக் கீழே குறைந்தாலும் பேசிய முழுத் தொகையும் தரப்பட வேண்டும். இதுவரை பல மேனேஜர்கள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு "அப்புறம் கூப்பிடறோம் மேடம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். தரமணி திரைப்படக் கல்லூரிப் பையன்கள் மட்டும் ஒரு மாணவர் படத்துக்கு அதில் கையெழுத்துப் போட்டார்கள். நாளுக்கு ரூ.1,500, சாப்பாடு அவர்களுடையது, லீட் நான்தான். படப்பிடிப்பு பொங்கலுக்குப் பிறகு.